டிசம்பர் 19: ஓவனைக் காலி செய்யுங்கள், ஓட்ஸ் மஃபின் சுடலாம்

எங்கள் வீட்டு ஓவனுக்குள் முதல் இரண்டு வருடம் இருந்தவை இவை: தோசைக்கல் இரண்டு, கைப்பிடி ஆடும் வாணலி ஒன்று, இட்லித் தட்டுகள், தீபாவளிக்கு மட்டும் வெளியே வரும் முறுக்கு அச்சு. அமெரிக்காவுக்கு வந்த தமிழர் பலர் வீட்டில் இதுதான் நிலவரம். அடுப்புக்குக் கீழே கதவு வைத்த அலமாரி ஒன்று இலவசமாகக் கிடைத்ததென்று பாத்திரங்களை அடுக்கிவிடுவோம்.

முதன்முதலில் அதைச் சூடேற்றிய நாளன்று பாத்திரங்களையெல்லாம் வெளியே எடுத்துவிட்டேன். பின்பக்கம் ஒட்டிக் கிடந்த டிபன் டப்பாவின் பிளாஸ்டிக் மூடியை மட்டும் பார்க்கவில்லை. பத்தாவது நிமிடம் புகை அலாரம் கத்த ஆரம்பித்தது. வெளியே ஒஹாயோவின் டிசம்பர் பனி. எல்லா ஜன்னலையும் திறந்துவைத்து, வீட்டுக்குள்ளேயே கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு ஒரு மணிநேரம் உட்கார்ந்திருந்தோம். அதனால் இந்தக் கட்டுரையின் முதல் படி: ஓவனைத் திறந்து, உள்ளே கையை விட்டு, கடைசி மூலை வரை தடவிப் பாருங்கள்.

அது என்ன டிசம்பர் 19 என்கிறீர்களா? அமெரிக்கர்கள் வருடத்தின் ஒவ்வொரு தேதிக்கும் ஏதாவது ஒரு தின்பண்டத்தை எழுதி வைத்திருக்கிறார்கள். அதில் டிசம்பர் 19 ஓட்மீல் மஃபின் தினம். லீவு கிடையாது. மத்திய அரசின் விடுமுறைப் பட்டியலில் இருப்பது பதினொன்றுதான், அதில் சாப்பாட்டுக்கென்று ஒன்றும் இல்லை. ஐஸ்கிரீம் தினத்துக்காவது 1984-ல் அன்றைய அதிபர் ரீகன் கையெழுத்துப் போட்டு அறிவிப்பு வெளியிட்டார். மஃபினுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை, நாட்காட்டியில் இருப்பதோடு சரி. ஆனாலும் எனக்கு இந்தத் தேதி பிடிக்கும். கிறிஸ்துமஸுக்கு ஆறு நாள் முன்னால் வருகிறது, பள்ளிக்கூடம் மூடப்போகிற நேரம், நாலரை மணிக்கெல்லாம் வெளிச்சம் மங்கத் தொடங்கிவிடும். அந்த நேரத்தில் ஓவனைப் போட்டால் வீட்டில் வேறெந்த மூலையைவிடவும் சமையலறை கதகதப்பாக இருக்கும். புதிதாக வந்தவர்கள் பேக்கிங்கை ஆரம்பிக்க இதைவிட நல்ல சாக்கு வேண்டாம்.

கேக் இருக்க மஃபின் எதற்கு என்றால், மஃபினுக்கு மிக்ஸர் வேண்டாம், வெண்ணெயைக் குழைக்க வேண்டாம், முட்டையை நுரைக்க அடிக்க வேண்டாம். இரண்டு பாத்திரமும் ஒரு கரண்டியும் போதும். இங்கிலீஷ் மஃபின் என்று கடையில் விற்பது வேறு சங்கதி. அது ஈஸ்ட் போட்டுப் புளிக்கவைத்துக் கல்லில் சுடும் தட்டையான ரொட்டி. நாம் செய்யப்போவது பேக்கிங் பவுடரால் உப்புகிற அமெரிக்க மஃபின்.

ஊரிலிருந்து அம்மா வீடியோ காலில் எட்டிப் பார்த்தார். "என்னடி அது, அப்பாவுக்கு டாக்டர் எழுதிக் கொடுத்தாரே, அந்த ஓட்ஸா? கஞ்சி போடுறத விட்டுட்டு அதுல கேக்கா?" அம்மாவைக் குறை சொல்ல முடியாது. நம் ஊரில் ஓட்ஸ் மருந்துச் சீட்டோடு வீட்டுக்குள் நுழைந்த தானியம். அமெரிக்காவிலும் ஒரு காலத்தில் அதற்கு மரியாதை இருந்ததில்லை, குதிரைத் தீனியாகத்தான் பார்த்தார்கள். எங்களுக்குப் பக்கத்து ஊரான ஆக்ரனில், ஜெர்மனியிலிருந்து குடியேறிய ஃபெர்டினாண்ட் ஷூமாக்கர் என்ற மளிகைக்காரர் 1850களில் ஓட்ஸை அரைத்து மனிதர்கள் சாப்பிட விற்கத் தொடங்கினார். அதே ஒஹாயோவின் ரவென்னாவில் இருந்த ஆலை ஒன்றுதான் 1877-ல் குவேக்கர் என்ற பெயரைப் பதிவு செய்தது. ஆக்ரனில் ஓட்ஸ் கொட்டி வைத்த பிரம்மாண்டமான சிமெண்ட் குதிர்களைப் பின்னாளில் ஹோட்டலாக மாற்றினார்கள், அறைகளெல்லாம் வட்டம். இன்று அமெரிக்காவில் விற்கும் ஓட்ஸில் பெரும்பகுதி கனடாவில் விளைகிறது என்பது வேறு கதை.

எந்த ஓட்ஸ்?

கடையில் ஓட்ஸ் வரிசைக்கு முன்னால் நிற்கும்போதுதான் முதல் குழப்பம் வரும். நமக்கு வேண்டியது 'ஓல்டு ஃபேஷன்டு' அல்லது 'ரோல்டு' என்று எழுதியது. முழு மணியை ஆவியில் வேகவைத்து உருளையில் நசுக்கியது, கெட்டி அவல் மாதிரி இருக்கும். 'குயிக்' ஓட்ஸ் அதையே நறுக்கி இன்னும் மெலிதாக நசுக்கியது, மெல்லிய அவல். அதையும் போடலாம், மஃபின் கொஞ்சம் மென்மையாக வரும், அவ்வளவுதான். 'ஸ்டீல் கட்' வேண்டாம். அது உடைத்த குருணை, இந்த நேரத்துக்குள் வேகாமல் பல்லில் கல்லாக மாட்டும். சர்க்கரையும் வாசனையும் சேர்த்துச் சின்னப் பொட்டலங்களில் வரும் இன்ஸ்டன்ட் ஓட்ஸும் வேண்டாம். ஊரில் கிடைக்கும் மசாலா ஓட்ஸைப் பெட்டியில் கொண்டுவந்திருந்தால், தயவுசெய்து அதைக் காலை உணவுக்கே வைத்துக்கொள்ளுங்கள்.

சாமான்கள்

பத்து முதல் பன்னிரண்டு மஃபின் வரும். கப் என்றால் 240 மில்லி அளக்கும் கப், காபி குடிக்கும் டம்ளர் இல்லை. டேபிள்ஸ்பூன் 15 மில்லி, டீஸ்பூன் 5 மில்லி. சாம்பாருக்குக் கண்ணளவு போதும், பேக்கிங்குக்குப் போதாது.

ரோல்டு ஓட்ஸ் 1 கப்
பட்டர்மில்க் 1 கப்
முட்டை 1
பிரவுன் சுகர் அரை கப், அழுத்தி அளந்தது
சமையல் எண்ணெய் மூன்றில் ஒரு பங்கு கப் (நல்லெண்ணெய், கடலெண்ணெய் வேண்டாம், வாசனை மேலே நிற்கும்)
கோதுமை மாவு 1 கப்
பேக்கிங் பவுடர் 1 டீஸ்பூன்
பேக்கிங் சோடா அரை டீஸ்பூன்
உப்பு அரை டீஸ்பூன்
பட்டைத்தூள் 1 டீஸ்பூன், அல்லது ஏலக்காய்த்தூள் அரை டீஸ்பூன்
உலர்ந்த திராட்சை அரை கப்

இதில் நான்கைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும்.

அட்டைப் பெட்டியில் பட்டர்மில்க் என்று விற்பது நம் மோர் இல்லை. அது புளிக்கவைத்த கெட்டிப் பால், ஊற்றினால் மெதுவாக இறங்கும். அது இல்லையென்றால் முக்கால் கப் புளித்த தயிரில் கால் கப் பால் விட்டுக் கடைந்துகொள்ளுங்கள். புளிப்பு முக்கியம். சோடா வேலை செய்வதே அந்தப் புளிப்போடு சேர்ந்துதான். புளிப்புப் போதாவிட்டால் மிச்ச சோடா வாயில் சோப்புச் சுவையாகத் தெரியும்.

கோதுமை மாவு என்றால் வீட்டில் சப்பாத்திக்கு இருக்கிற ஆட்டா தாராளமாகப் போதும். நம் ஆட்டா கல்லில் நன்றாக அரைபடுவதால் அமெரிக்கக் கோதுமை மாவைவிடத் தண்ணீரை அதிகமாக இழுக்கும். கலவை இறுகினால் இரண்டு, மூன்று ஸ்பூன் பால் சேர்க்க வேண்டியிருக்கும். கப்பை மாவு டப்பாவுக்குள் முக்கி அள்ளாதீர்கள். ஸ்பூனால் கப்பில் போட்டு, கத்தியின் முதுகால் மேலே வழித்துவிடுங்கள். 120 கிராம் வரும். முக்கி அள்ளினால் அதே கப்பில் 150 கூட ஏறிவிடும், மஃபின் வரட்டி ஆகிவிடும்.

பிரவுன் சுகரைப் பார்த்து நாட்டுச் சர்க்கரை என்று ஏமாற வேண்டாம். வெள்ளைச் சர்க்கரையில் கரும்புப் பாகுக் கசண்டைத் திரும்பக் கலந்ததுதான் பெரும்பாலும் விற்பனைக்கு வருகிறது. சத்து என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை, ஈரமும் மணமும்தான் ஆதாயம். இந்தியக் கடை நாட்டுச் சர்க்கரையை அதே அளவில் போட்டாலும் நன்றாகவே வரும்.

முட்டை சாப்பிடாத வீடென்றால் பொடித்த ஆளி விதை 1 டேபிள்ஸ்பூனை 3 டேபிள்ஸ்பூன் தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவிடுங்கள். வழவழவென்று ஆனதும் முட்டைக்குப் பதில் அதை ஊற்றலாம். மஃபின் ஒரு விரல் தட்டையாக வரும், ருசியில் குறை இருக்காது.

செய்முறை

முதலில் ஓட்ஸைப் பட்டர்மில்க்கில் கொட்டிக் கிளறி அரை மணிநேரம் விட்டுவிடுங்கள். அவசரம் என்று இதைத் தாண்டிப் போகிறவர்கள்தான் "ஓட்ஸ் மஃபின் தொண்டையை அடைக்குது" என்று பிறகு புலம்புவது. ஊறாத ஓட்ஸ் ஓவனுக்குள் போய் மாவிலிருக்கும் ஈரத்தை எல்லாம் உறிஞ்சிக்கொள்ளும். ஊறியதும் பாருங்கள்: தயிர் மேலே தனியாக நிற்காது, கரண்டியால் கிளறினால் தயிர்சாதம் கிளறுகிற சத்தம் வரும். அதுதான் பதம்.

இது ஊறும் நேரத்தில் ஓவனைக் கவனிக்கலாம். கம்பித் தட்டை நடுவில் வையுங்கள். முன்பக்கம் 'பேக்', 'பிராயில்' என்று இரண்டு பொத்தான் இருக்கும். அழுத்த வேண்டியது பேக். பிராயில் என்பது மேலிருந்து மட்டும் கொளுத்துவது, ஐந்து நிமிடத்தில் தலை கருகி வயிறு பச்சையாக நிற்கும். 400 டிகிரி ஃபாரன்ஹீட் வையுங்கள், செல்சியஸில் 200. உள்ளே விசிறி சுற்றுகிற கன்வெக்ஷன் வகை என்றால் 375 போதும். ஓவன் 'பீப்' என்று கூவியதும் நம்பிவிடாதீர்கள். உள்காற்று சூடாகியிருக்கும், சுவர்கள் சூடாகியிருக்காது. இன்னும் பத்து நிமிடம் பொறுங்கள்.

மஃபின் டின்னின் குழிகளில் எண்ணெய் தடவுங்கள். பேப்பர் கப் போடுவதானால் அதற்குள்ளும் லேசாகத் தடவ வேண்டும். எண்ணெய் குறைவான மஃபின் சூட்டோடு பேப்பரில் ஒட்டிக்கொண்டு பாதி அதிலேயே போய்விடும்.

ஒரு பெரிய பாத்திரத்தில் மாவு, பேக்கிங் பவுடர், சோடா, உப்பு, பட்டைத்தூள் எல்லாவற்றையும் போட்டு நன்றாகக் கலக்குங்கள். சோடாக் கட்டி இருந்தால் விரலால் நசுக்கிவிடுங்கள். திராட்சையையும் இதிலேயே போட்டுப் புரட்டினால் கிஸ்மிஸ் ஒன்றோடொன்று ஒட்டாது. ஊறிய ஓட்ஸில் முட்டையை அடித்து ஊற்றி, சர்க்கரை, எண்ணெய் சேர்த்துக் கலக்குங்கள். இதுவரை எவ்வளவு வேண்டுமானாலும் கலக்கலாம், கெடாது.

இனிமேல்தான் விஷயமே இருக்கிறது.

நம் கை பழகிய கை. இட்லி மாவைக் கரைத்தால் அடிவரை கைவிட்டுக் கரைக்கும், வடைக்கு அடித்து அடித்துப் பொங்க வைக்கும், சப்பாத்திக்குப் பத்து நிமிடம் பிசையும். சமையல் தெரிந்தவர்தான் மஃபினில் தோற்பார். கோதுமையில் ஈரம் பட்டுக் கை பட்டால் இழுவை வந்துவிடும். சப்பாத்திக்கு அந்த இழுவைதான் உயிர், மஃபினுக்கு அது எமன். ஈரக் கலவையை மாவில் கொட்டுங்கள். அகலமான கரண்டியை ஓரமாக இறக்கி, அடியிலிருந்து மாவை அள்ளி மேலே புரட்டிப் போடுங்கள். பாத்திரத்தைக் கொஞ்சம் திருப்பிக்கொண்டு மறுபடியும் அதேபோல். பன்னிரண்டு தடவை, அவ்வளவுதான்.

எங்கள் வீட்டில் எண்ணுவது என் மகள். "பத்து, பதினொண்ணு, பன்னெண்டு, அம்மா நிறுத்து!" நிறுத்திப் பார்த்தால் அங்கங்கே வெள்ளைத் திட்டுத் திட்டாக மாவு தெரியும். கட்டி கட்டியாக, பார்க்கவே அலங்கோலமாக இருக்கும். இன்னும் ஒரே ஒரு சுற்று என்று கை துறுதுறுக்கும். கூடாது. அந்தத் திட்டுகள் ஓவனுக்குள் தாமாகவே ஈரம் இழுத்து வெந்துவிடும். பாத்திரத்தின் அடியில் உலர்ந்த மாவு ஒரு குவியலாகக் கிடந்தால் மட்டும் இரண்டு புரட்டு அதிகம் புரட்டலாம். பதம் மைசூர் போண்டா மாவு மாதிரி: கரண்டியில் எடுத்தால் தானாக வழியாது, தட்டினால் தொப்பென்று விழும். இறுகித் தெரிந்தால், ஆட்டாவுக்குச் சொன்ன பாலை இந்தப் பன்னிரண்டு புரட்டு முடிவதற்குள்ளேயே விட்டுவிடுங்கள்.

கலந்ததும் போனில் பேசப் போய்விடாதீர்கள். சோடா தயிரைக் கண்டதுமே குமிழிவிட ஆரம்பித்துவிடும், காத்திருந்தால் அந்தக் காற்று வீணாகும். உடனே குழிகளில் முக்கால் பங்குக்கு நிரப்புங்கள். மேலே ஒரு சிட்டிகை ஓட்ஸ் தூவினால் கடையில் வாங்கியது மாதிரி இருக்கும், சத்தியமாக அதற்கு வேறு காரணம் இல்லை.

18 நிமிடம். முதல் 12 நிமிடம் கதவைத் திறக்காமல் விளக்கைப் போட்டுக் கண்ணாடி வழியாகப் பாருங்கள். ஓரம் முதலில் உறையும், பிறகு நடு எழும்பும், அதன் பிறகுதான் மேலே வெடிப்பு விழுந்து பட்டை மணம் வரும். நடுவில் பல்குச்சி குத்தி எடுத்தால் ஈரமாவு ஒட்டக் கூடாது, ஒன்றிரண்டு துகள் ஒட்டினால் பரவாயில்லை. விரலால் அமுக்கினால் பஞ்சு போலத் திரும்பி எழ வேண்டும். வெளியே எடுத்து ஐந்து நிமிடம் டின்னிலேயே விட்டு, பிறகு கம்பித் தட்டுக்கு மாற்றிவிடுங்கள். டின்னுக்குள்ளேயே ஆறவிட்டால் ஆவி வெளியேற வழியில்லாமல் அடிப்பாகம் நசநசத்துப் போகும்.

சரியாக வராவிட்டால்

ஒன்றை நடுவில் வெட்டிப் பாருங்கள், அது எல்லாவற்றையும் சொல்லிவிடும். கீழிருந்து மேலே மண்புழு போன வழி மாதிரி நீளநீளமான ஓட்டைகள், மேலே கூம்பு மாதிரி முனை என்றால் கை நிற்கவில்லை என்று அர்த்தம். முப்பது, நாற்பது புரட்டு போயிருப்பீர்கள். உப்பவே இல்லையென்றால் பேக்கிங் பவுடர் செத்துப்போயிருக்கலாம். கால் கப் வெந்நீரில் அரை ஸ்பூன் போட்டுப் பாருங்கள். சுர்ரென்று பொங்காவிட்டால் குப்பையில் போட வேண்டியதுதான். எழும்பி நடுவில் குழி விழுந்தால் வேகும் முன்பே எடுத்துவிட்டீர்கள், அல்லது கதவைத் திறந்து திறந்து பார்த்தீர்கள்.

உள்ளே பச்சை நிறமாக இருக்கிறதா? பூஞ்சை இல்லை, பயப்பட வேண்டாம். சூரியகாந்தி விதை சேர்த்திருப்பீர்கள். அதிலுள்ள ஒரு அமிலம் சோடாவோடு சேர்ந்தால் பச்சையாக மாறும். சாப்பிடலாம். ஒரு முறை அப்படி ஆகி, காரணம் தெரியாமல் ஒரு ஈடு முழுவதையும் கொட்டிவிட்டேன். இன்னும் அந்த வருத்தம் எனக்கு இருக்கிறது.

உடம்புக்கு நல்லதா?

நேர்மையாகக் கணக்குப் போடுவோம். ஓட்ஸில் பீட்டா குளூக்கன் என்று கரையும் நார்ச்சத்து இருக்கிறது, கஞ்சி வழவழப்பாக வருவதே அதனால்தான். ஒரு நாளைக்கு 3 கிராம் அது உள்ளே போனால் கொலஸ்ட்ரால் குறைய உதவலாம் என்று பாக்கெட்டில் எழுத அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 1997-ல் அனுமதி கொடுத்தது. நாம் போட்ட ஒரு கப் ஓட்ஸில் அது ஏறத்தாழ 4 கிராம் இருக்கும். பன்னிரண்டு மஃபினுக்குப் பங்கு போட்டால் 3 கிராமுக்கு ஒன்பது மஃபின் சாப்பிட வேண்டும்! அப்பாவுக்குக் கஞ்சிதான் சரி. அம்மா சொன்னதில் தப்பே இல்லை.

ஆனால் மைதாவும் கை நிறையச் சர்க்கரையுமாகக் காபிக் கடையில் விற்கும் குழந்தைத் தலை அளவு மஃபினோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ மேல். இதில் ஒன்றுக்கு, திராட்சையை விட்டுவிட்டால், சுமார் 9 கிராம் சர்க்கரை. இன்னும் குறைக்கலாம், முதல் தடவையே மட்டும் வேண்டாம். சர்க்கரை இனிப்புக்கு மட்டும் இல்லை, ஈரத்தைப் பிடித்து வைப்பதும் அதுதான். ஒரேயடியாகப் பாதியாக்கினால் மறுநாள் ரஸ்க் கிடைக்கும். இரண்டாவது ஈட்டில் சர்க்கரையை மூன்றில் ஒரு பங்கு கப்பாக்கி, தோல் கறுத்துக் கனிந்த வாழைப்பழம் ஒன்றை மசித்துச் சேருங்கள், ஈரம் சரியாகிவிடும். அப்போது சுட இன்னும் இரண்டு நிமிடம் ஆகும்.

கொடுப்பதும் வைப்பதும்

அலுவலகத்துக்குக் கொண்டுபோனால் டப்பாவின் மேல் ஒரு சீட்டில் எழுதி ஒட்டுங்கள்: கோதுமை, முட்டை, பால் உண்டு, கொட்டைப் பருப்பு இல்லை. ஓட்ஸில் குளூட்டன் கிடையாது என்று கேள்விப்பட்ட யாராவது கேட்காமலே எடுத்துவிடுவார்கள், இதில் கோதுமை இருப்பது அவர்களுக்குத் தெரிய வேண்டும். பள்ளிக்கூடத்துக்கு அனுப்புமுன் டீச்சரைக் கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் செய்ததை வாங்கக் கூடாது, கடைப் பாக்கெட்தான் வேண்டும் என்று பல பள்ளிகளில் விதி உண்டு. பக்கத்து வீட்டுக்காரருக்கு அந்தத் தொல்லையெல்லாம் இல்லை. தட்டில் நான்கு வைத்து, மேலே துணி மூடிக் கொண்டுபோய்க் கதவைத் தட்டினால் போதும். எங்கள் பக்கத்து வீட்டு அம்மாள் அந்தத் தட்டைத் திருப்பித் தரும்போது வெறுந்தட்டாகத் தரவில்லை, கிறிஸ்துமஸ் குக்கீ வைத்துத் தந்தார். ஊரில் எங்கள் தெருவிலும் பலகாரத் தட்டை யாரும் காலியாகத் திருப்ப மாட்டார்கள்.

மூடிய டப்பாவில் வெளியே இரண்டு நாள் நன்றாக இருக்கும். ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள், அந்தக் குளிரில் இன்னும் சீக்கிரம் வறண்டுபோகும். மிச்சத்தைத் தனித்தனியாகச் சுற்றி ஃப்ரீஸரில் போட்டால் இரண்டு மாதம் தாங்கும். காலையில் ஸ்கூல் பஸ்ஸுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது ஒன்றை எடுத்து மைக்ரோவேவில் முப்பது விநாடி சுற்றினால் ஆவி பறக்கும்.

டின்னைச் சூடு ஆறுவதற்குள் பச்சைத் தண்ணீரில் போட வேண்டாம், வளைந்துவிடும். ஆறியபின் கழுவித் துடைத்து, எங்கே வைக்கலாம் என்று வீட்டில் இடம் தேடுவீர்கள். ஓவனைத் திறக்காதீர்கள்.